இரண்டே இன்னிங்ஸ்

நம் கல்லூரி கிரிக்கெட் அணியில் நாலு வருஷமும் தண்ணீர் பாட்டில் சுமந்தவன் நான். அதனாலோ என்னவோ, ஆர்ச்சி கிரஹாமின் கதை என்னை விடவே மாட்டேன் என்கிறது.

1905 ஜூன் 29. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி புரூக்ளினில் பேஸ்பால் ஆடுகிறது. 11-1 என்று ஜெயித்த ஆட்டம். கடைசிக் கட்டத்தில் மேனேஜர் ஜான் மெக்ரா, 'மூன்லைட்' கிரஹாமை ரைட் ஃபீல்டுக்கு அனுப்பினார். இரண்டு இன்னிங்ஸ் நின்றார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் இவர்தான். காத்திருக்கும்போதே மூன்றாவது அவுட் விழுந்துவிட்டது! மேஜர் லீக்கில் அதற்குப் பிறகு அவர் ஆடவேயில்லை.

மனுஷன் மேரிலாண்டில் டாக்டருக்குப் படித்தவர். மினசோட்டாவில் சிஷோம் என்ற இரும்புச் சுரங்க ஊருக்குப் போய், பல பத்தாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார். குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி ஆராய்ச்சியும் செய்தார். 1965-ல் காலமானார்.

(காஷ்மீர் விவகாரத்துக்காக 1951-ல் டெல்லிக்கும் கராச்சிக்கும் அலைந்த ஐ.நா. பிரதிநிதி பிராங்க் கிரஹாம் இவருடைய தம்பிதான்.)

புள்ளிவிவரப் புத்தகத்தில் ஒற்றை வரியாகக் கிடந்தவரை எழுத்தாளர் கின்செல்லா கண்டெடுத்து 1982-ல் நாவலில் வைத்தார். 1989-ல் அது சினிமாவாகவும் வந்தது.

ஜூனியர்களே, பழைய ஸ்கோர் புத்தகம் எங்காவது கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். பன்னிரண்டாவது பெயர் என்னுடையதாக இருக்கும்.