செஞ்சிக்கு வேண்டிய கலைக்கூடம்: சேகரிப்பும் ஊர் உரிமையும்

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. இனி இங்கே ஒரு கலைக்கூடம் திட்டமிடப்படுமானால், அது யாருக்காக அமைய வேண்டும்? சுற்றுலாப் பயணிக்கு முன்பாக, இவ்வட்டார மக்களுக்கே அது கடமைப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

செஞ்சி வட்டாரக் கலை கோட்டைச் சுவர்களோடு முடிவதில்லை. திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இருக்கிறது. அனந்தபுரத்தை அடுத்த பனமலையில், பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் சிற்றாலயச் சுவர் ஓவியத்தில், மகுடம் தரித்த தலையைச் சாய்த்து, ஒரு காலை மடித்து, குடையின்கீழ் உமை நிற்கிறாள். அவள் கண்டு நிற்கும் சிவனின் ஆடல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இவற்றில் எதையும் பெயர்த்துக் கொண்டுவந்து கூடத்தில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பெயர்த்தால் என்ன நேரும் என்பதைச் செஞ்சி அறியும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுசென்றவை. அங்கே அவை வெறும் அலங்காரமாகிவிட்டன.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் தஞ்சாவூர்க் கலைக்கூடம். தஞ்சாவூரின் கரந்தைப் பகுதியில் இருந்த பிரம்மன் சிற்பத்தை வெளியூருக்குக் கொண்டுபோக முயன்றபோது ஊரார் மறுத்தனர். அந்த மறுப்பிலிருந்தே 1951இல் அரண்மனையில் கலைக்கூடம் பிறந்தது. மக்களின் உரிமையுணர்வுதான் அங்கே முதல் மூலதனம்.

ஊரில் விட்டுவைத்தால் களவு போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தை அடைந்து, 2014இல்தான் இந்தியா திரும்பினார். ஆனால் அவர் நம்மவர் என்று நிறுவ உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். பூட்டு மட்டும் காவலாகாது, பதிவும் காவலே.

ஆகவே செஞ்சிக் கலைக்கூடத்தின் முதல் பணி ஆவணப்படுத்தலாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரின் சிற்பம், ஓவியம், கல்வெட்டு ஆகியவற்றைப் படமெடுத்து, அளந்து, அப்பதிவின் ஒரு படியை அந்தந்த ஊராட்சியிலும் பள்ளியிலும் வைக்க வேண்டும். காப்பாரற்றுச் சிதறிக் கிடப்பவற்றை மட்டுமே, சட்டப்படியும் ஊராரின் இசைவோடும், கூடத்தில் சேர்க்கலாம். அவற்றின் அருகே எந்த ஊரின் எந்த இடத்தில் கிடைத்தவை என்பதைத் தமிழில் தெளிவாக எழுத வேண்டும். உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாகவும் பதிவாளர்களாகவும் அமர்த்த வேண்டும். மேல்சித்தாமூர்ச் சமண மடம் போன்ற வாழும் மரபுகளுக்கு நிர்வாகக் குழுவில் இடமளிக்க வேண்டும்.

கட்டடத்துக்கு வரைபடம் போடுமுன் ஊர்களின் பட்டியலைப் போடுங்கள். அனந்தபுரத்துப் பள்ளி மாணவர் பனமலை ஓவியத்தைத் தம் ஊர்ச் சொத்தாக அறியாதவரை, செஞ்சியில் எழும் எந்தக் கலைக்கூடமும் முழுமை பெறாது.