மயக்கம்

மயங்குதல் என்னும் வினைக்குக் கலத்தல் என்பது பழம்பொருள். மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று கூடி நிற்பதை இலக்கணிகள் மெய்ம்மயக்கம் என்றனர். அறிவு கலங்குதலும் பிரக்ஞை இழத்தலும் அவ்வழி விரிந்த அர்த்தங்கள். வடமொழி மூர்ச்சையைவிட இச்சொல் ஜனங்களின் நாவில் ஆழ வேரூன்றியது; முசலியின் சிலாவத்துறையிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு இருதய சத்திரசிகிச்சைக்கு வந்தவரின் உறவினர், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், “மயக்கம் தெளிஞ்சிட்டுதா, மிஸ்?” என்றே விசாரிப்பர். கலங்கிய நீரில் வண்டல் படிவதும் தெளிதலே ஆதலின், இவ்விரு சொற்களின் இணைப்பு மிகப் பொருத்தமானது. ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் முதலிய மயக்க மருந்துகள் ஆவியாய்ச் சுவாசத்தோடு உட்புகுந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் அதிகம் சாராமல், பெரும்பாலும் மூச்சின் வழியே வெளியேறுவதால், அவற்றை நிறுத்தியபின் நோயாளி பெரும்பாலும் விரைவில் கண்விழித்து, தாதி சொன்னபடி அவர் விரலை இறுகப் பற்றுகிறார். மருந்தால் உண்டாக்கும் இந்நிலையைக் குறிக்கும் (sedation) ‘தணிப்பு’ என்னும் புதுச்சொல்லினும் மயக்கமே எனக்கு உவப்பானது.