பெருமணலைக் கடந்த மோட்டார்கள்

முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் நிலைதிரிந்த நிலமே பாலை என்பது தமிழ் மரபு. மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் தளிர்க்கும். எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே கிடக்கும் பெருமணற் கடலோ அத்தகையதன்று. ஆண்டுக்கணக்கில் அங்கே மழை காண்பதரிது. நூறு மீட்டருக்கு மேலும் உயரும் மணற்குன்றுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒட்டகக் கூட்டங்களும் பெரும்பாலும் விலகிச் சென்ற அந்நிலத்தை மோட்டார் வண்டிகள் கடந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

ரால்ப் பாக்னால்டு (1896-1990) என்பவர் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி. 1920களின் பிற்பகுதியில் அவரும் நண்பர்களும் விடுமுறை நாட்களில், தம் சொந்தச் செலவில், சாதாரண ஃபோர்டு கார்களில் அப்பாலையில் பயணம் செய்யத் தொடங்கினர். முதற்கண் அவர்கள் செய்தது வண்டியின் பாரத்தைக் குறைத்ததுதான். கனமான மேற்கூண்டை நீக்கிவிட்டு, பொருள் வைக்க எளிய மரப்பெட்டியை அமைத்தனர். டயர்களில் காற்றைக் குறைத்தனர். அவை அகன்று பரவி மணலில் அமிழாது சென்றன.

அடுத்தது நீர். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டரிலிருந்து ஆவி வெளியேறி வீணாகும். குடிநீருக்கே கணக்கு வைத்த இடத்தில் இது பெரிய இழப்பு. ஆதலின், ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாயை, வண்டியின் பக்கத்தில் பொருத்திய தகரப் பாத்திரத்துக்குள் இறக்கினர். அதில் பாதியளவு நீர் இருக்கும். ஆவி அந்நீரிற் பட்டுக் குளிரும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, நீரைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். சிறிய உபாயமே எனினும் பல நாட் பயணத்தை அது காத்தது.

இரும்பு வண்டியில் காந்த ஊசி பிழை காட்டும். எனவே, பாகை குறித்த வட்டத் தட்டின் நடுவே மெல்லிய கம்பியை நிறுத்தி, அதன் நிழலைக் கொண்டு ஓட்டத்திலேயே திசையறிந்தனர். இரவில் விண்மீன்களை அளந்து, வானொலி அறிவிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டு, தாம் நிற்கும் இடத்தைக் கணித்தனர்.

மணலில் புதைந்த சக்கரத்தை மீட்க உதவியது, கெய்ரோவின் பழைய சாமான் கடையில் கிடைத்த எஃகுத் தகடு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்டது அது. சக்கரத்தின் முன் அதைச் செருகினால் வண்டி ஏறி வந்துவிடும். ஜோத்பூரிலும் பிகானீரிலும் வாழும் நம்மவர்க்கு மணலின் இப்பிடிவாதம் புதிதன்று.

1940இல் போர் எகிப்தை நெருங்கியபோது, பாக்னால்டின் யோசனையைத் தளபதி வேவல் ஏற்றார். நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு பிறந்தது. நியூசிலாந்து வீரர்களே அதில் முதலிற் சேர்ந்தனர். ஏறத்தாழ ஒன்றரை டன் பாரம் சுமக்கும் செவர்லே லாரிகளை எடுத்து, கதவு, கூரை, முன்கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி, வில்தகடுகளை வலுப்படுத்தினர். பெட்ரோல், நீர், உணவு மூன்றையும் மீளும் தொலைவுக்குமாகக் கணக்கிட்டே ஏற்றினர். ஒரு லாரி பழுதுபட்டால் அதன் ஆட்களைப் பிற லாரிகள் சுமந்து வரவேண்டும் என்பதும் அக்கணக்கில் அடங்கும். பின்னாளில், நம் நாட்டுக் குதிரைப்படை ரெஜிமெண்டுகளிலிருந்து திரட்டிய இந்திய நெடுந்தொலைவுப் பிரிவும் இக்குழுவோடு பணிபுரிந்தது.

இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு நாட் போர் அழித்துவிடக்கூடும். 1941 ஜனவரி 31 அன்று, குஃப்ரா பாலைவனச் சோலைக்குத் தென்மேற்கே இத்தாலியப் படையினர் தாக்கியதில் சில லாரிகள் தீக்கிரையாயின. நால்வர் தனித்து விடப்பட்டனர். அவர்களுள் மூர் என்ற நியூசிலாந்து வீரருக்குக் காலில் காயம். கையிலிருந்ததோ இரண்டு காலனுக்கும் குறைந்த நீர். சரணடைய மனமின்றித் தெற்கு நோக்கி நடந்தனர். பத்து நாட்களில் மூர் 210 மைல் கடந்த நிலையில், பிரெஞ்சுப் படையினர் அவரைக் கண்டனர். அப்போதும் அவர் நடந்துகொண்டேயிருந்தார். நால்வருள் ஒருவர் உயிர் நீத்தார், மூவர் பிழைத்தனர்.

தன் கையே தனக்குதவி என்பர். வண்டியும் துணைவரும் இல்லாத அப்பெருவெளியில் அந்நால்வருக்கும் வழிகாட்டியவை, வரும்போது தங்கள் லாரிகள் மணலிற் பதித்திருந்த சக்கரத் தடங்களே.