யாழ் தேர்ந்த முறையும் பேஸ் கிட்டாரும்

என்னிடம் முன்னாளில் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு கேரி தீவிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். தோளில் நீண்டதொரு பை. ஜாஸ் இசையில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கெனச் செம்பனைத் தோட்டத்து வேலையில் ஐந்து மாதம் மிச்சம் பிடித்து ஒரு பேஸ் கிட்டார் வாங்கியிருந்தார். கருநீலச் சாயம் பூசிய பளபளப்பான கருவி. ஆயினும் மூன்று மாதத்துக்குள் அதன் தண்டி வில்லைப்போல் வளைந்துவிட்டது. தந்தியை அழுத்தினால் விரல் நோகிறது. மேல் மெட்டுகளில் சுருதி நிற்பதில்லை. விற்ற கடைக்காரர் தீவின் ஈரக்காற்றின்மேல் பழியைப் போட்டுக் கையை விரித்துவிட்டாராம். “ஐயா, அடுத்தது வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்டார்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று முதலில் மலைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது, இவ்வினாவுக்கு விடையாக நம் காப்பியம் ஒன்றில் ஒரு காட்சியே அமைந்திருப்பது நினைவுக்கு வந்தது.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை யாழ்ப் போரில் வெல்லச் சீவகன் அவை ஏறுகிறான். அவன் முன்னே யாழ்கள் ஒவ்வொன்றாகக் கொணர்ந்து வைக்கப்படுகின்றன. அழகிற் குறைந்தது ஒன்றுமில்லை. அவனோ ஒவ்வொன்றாக விலக்குகிறான். இது நீரில் நின்ற மரம், இது அழுகியது, இது வெந்தது, இது இடி வீழ்ந்தது என்று மரத்தின் பிறப்பு வரலாற்றையே சொல்லிவிடுகிறான். நரம்பு ஒன்றைப் பிரித்து அதனுள் முறுக்குண்டு கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். போட்டி தொடங்குமுன்பே அவையோர் வியந்து போகின்றனர். திருத்தக்கதேவர் இதனைத் தலைவன் புகழுக்காக மட்டும் பாடினார் என்று கொள்வதற்கில்லை. கருவியைத் தேர்வதும் இசைப் புலமையின் ஒரு பகுதி என்று அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இது சான்றாகும்.

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் இன்னும் விளக்கமாகக் கூறுகிறார். அவர் கூறுவது குழல் செய்யும் மரத்தைப் பற்றியதே. எனினும் மரத்தாலாகிய எக்கருவிக்கும் அது பொருந்தும். காற்று நாற்புறமும் மோதி மயங்கும் இடத்தில் வளர்ந்த மரத்தில் நாதம் இராது. இளமரமும் ஆகாது, கிழமரமும் ஆகாது. முற்றிய மரத்தை வெட்டி நிழலில் ஆறவிட்டு, திருகுதலும் பிளத்தலும் இல்லை என்று அறிந்து, ஓராண்டு சென்ற பின்னரே கருவி செய்யவேண்டும் என்கிறார். இந்த ஓராண்டுதான் நம் இளைஞர் வாங்கிய கருவிக்குக் கிட்டவில்லை போலும். ஆறாத மரத்தில் தண்டி செய்து, மேலே சாயம் பூசி விற்றுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தீவின் காற்று அந்தக் குறையை வெளிப்படுத்தியதே அன்றி உண்டாக்கவில்லை.

கேரி தீவிலேயே மரம் தேரும் கலையில் வல்லவர்கள் இருக்கிறார்கள். எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளியின் பெயரை அத்தீவு பெறுவதற்கு முன்பிருந்தே அங்கு வாழும் மா மெரி என்னும் பூர்வகுடி மக்களைச் சொல்லுகிறேன். சுங்கை பும்பூன் சிற்றூரில் அவர்கள் முகமூடிகளும் மூதாதையர் உருவங்களும் செதுக்குவது ‘நீரே பத்து’ என்னும் சதுப்பு நில மரத்தில், சிவந்தது, கனமானது. அவர்களுடைய ஆட்டத்துக்கு மத்தளமும் மணியும் வயோலாவும் உண்டு. அவற்றோடு ‘துன்தோங்’ என்னும் மூங்கில் குழாய்களும் உண்டு. நெட்டையொன்றும் குட்டையொன்றுமாக இணை சேர்த்து, கட்டையின்மீது மாறிமாறிக் குத்துவார்கள். நெட்டைக் குழாய் தாழ்ந்த ஒலியும் குட்டைக் குழாய் உயர்ந்த ஒலியும் தரும். நீளம் கூடினால் ஒலி தாழும் என்ற இயற்கை விதியைத் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமலே அங்குக் கண்டுகொள்ளலாம்.

நிற்க. பேஸ் கிட்டார் என்பது யாது என்று அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். ஜாஸ் குழுவில் தாழ்குரலைத் தாங்கி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டே இருப்பது இதன் வேலை. மற்றவர்கள் எவ்வளவு தூரம் கற்பனையில் போனாலும் திரும்பி வரும் இடத்தைக் காட்டுவது இதுவே. நம் கச்சேரியில் இவ்வேலைக்கென ஒரு தனிக் கருவி இல்லை. தம்பூராவின் மந்தர சட்சமமும், வீணையின் அனுமந்தரத் தந்தியும், மிருதங்கத்தின் தொப்பியும் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்து கொள்கின்றன. இருபத்தொரு நரம்புடைய பேரியாழை மீட்டிய பெரும்பாணர் மரபு தொடர்ந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றும். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ வழியாக அம்மரபை ஏட்டிலேனும் மீட்டுத் தந்தார்.

ஜாஸ் இசைக்கு முதலில் இருந்தது ஆள் உயரப் பெரும் பிடில். மெட்டுகள் கிடையா. காதை நம்பியே விரல் வைக்கவேண்டும். அதைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வதும் துன்பம். பிற கருவிகளின் இரைச்சலில் அதன் ஒலி எழுவதும் இல்லை. கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர் என்பார் 1951இல் மெட்டு வைத்த மின்சாரப் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம். மெட்டு இருப்பதால் சுருதி தவறாது என்பது பொருள். 1950களின் தொடக்கத்திலேயே லயனல் ஹாம்டன் குழுவில் மங்க் மாண்ட்காமரி அதனை ஜாஸ் மேடையில் ஏற்றினார். 1960இல் தண்டி ஒடுங்கிய ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. பெயர் அப்படியிருந்தும் ஜாஸ் வித்துவான்கள் பலர் பழைய பெரும் பிடிலை விடவில்லை என்பது வேடிக்கை.

இதே நிகழ்ச்சி நம் வரலாற்றிலும் உண்டு. வீணைக்கு இருபத்து நான்கு மெட்டுகளை மெழுகில் நிலையாகப் பதித்தது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் என்பது மரபு. மெட்டு வந்ததால் துல்லியம் வந்தது, குழைவு குறையவேண்டும். நம்மவர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை மீட்டுக்கொண்டனர். அமெரிக்கரான ஜாக்கோ பாஸ்டோரியஸ் வேறு வழி கண்டார். தம் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் மெட்டுகளையே களைந்துவிட்டு, 1976இல் வெளிவந்த இசைத்தட்டில் அதைப் பாட வைத்தார். கருநாடக இசை கொஞ்சம் பழகிய நம் இளைஞருக்கும் மெட்டில்லாக் கருவிமேல் ஒரு கண் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். விரலுக்கு இடம் தெரியுமுன் வேலியை எடுத்துவிடக் கூடாது.

இனி அவர் கேட்ட வினாவுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் வீணை வாசிக்கும் அன்பர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அன்பர் வளைந்த கருவியை வாங்கிக் குதிரைப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டியின் விளிம்பை நோக்கினார். “திருகியிருக்கிறது” என்றார். அடியார்க்கு நல்லார் சொன்ன அதே சொல்! வளைவு வேறு, திருகல் வேறு என்பதை அன்றுதான் நான் தெளிவாக அறிந்தேன். பேஸ் கிட்டாரின் தண்டிக்குள் ஓர் எஃகுக் கோல் உண்டு. தந்திகளின் இழுப்பால் தண்டி முன்னே வளைந்தால் அக்கோலை முறுக்கி நிமிர்த்தலாம். திருகலுக்கு அது மருந்தாகாது. இக்கருவியிலோ கோலை மேலும் முறுக்க இடமில்லாதபடி முன்பே இறுக்கி வைத்திருந்தார்கள். ஆகவே முதற்சோதனை இதுதான்: தண்டி நேராக இருக்கிறதா, கோலில் இன்னும் இடம் இருக்கிறதா? தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால் நடுவில் ஒரு மெல்லிய அட்டை நுழையும் இடைவெளி இருக்கவேண்டும். அதற்குமேல் வேண்டாம்.

மின்சாரக் கருவியில் மரத்தைப் பார்ப்பது வீண் என்பார் உளர். ஒலியை எடுப்பது தந்தியின் கீழுள்ள காந்தம். வீணைக் குடம்போல இதில் உள்வெளி இல்லை. ஆகவே உடல் மரத்தின் பெருமை பேசுவதில் மிகை உண்டு என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் தண்டி மரத்தின் செய்தி வேறு. இவ்வகைக் கருவிகளில், குறிப்பாக மேல் தந்தியில், ஐந்தாம் மெட்டுக்கும் ஏழாம் மெட்டுக்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் சுரம் எழுந்த உடனே அவிந்துபோவது உண்டு. தண்டி தானும் அதிர்ந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக் கொள்வதே காரணம். நாதம் இல்லாத மரம் என்று உரையாசிரியர் சொன்னதை நான் நெடுங்காலம் உயர்வுநவிற்சி என்றே எண்ணியிருந்தேன். கருவியை ஒலிபெருக்கியில் இணைக்காமல் ஒவ்வொரு மெட்டாக வாசித்து, ஒலி எத்தனை நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அது உயர்வுநவிற்சி அன்று என்பது விளங்கும். கடையில் ஒலிபெருக்கியோடு உரக்க வாசித்துக் காட்டுவார்கள். அந்த முழக்கத்தில் இக்குற்றம் மறைந்துவிடும்.

பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதி. அங்கே விரலை மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியும், அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையெனில் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். நகர்த்தியும் சேராவிட்டால் அக்கருவியை விட்டுவிடலாம்.

நீளத்தையும் பார்க்கவேண்டும். தாழ்ந்த தந்தியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41 மட்டுமே. அதைத் தெளிவாகத் தருவதற்கு வழக்கமான நீளம் 34 அங்குலம். 30 அங்குலக் குறுங்கருவிகள் கைக்கு எளியவை. ஆனால் அவற்றில் தந்தி சற்றுத் தளர்ந்தே நிற்கும். சிறு கையுடையோர்க்கு ஜாஸ் பேஸ் வகையின் ஒடுங்கிய தண்டி நல்ல சமரசம். தலைப்பக்கம் அதன் அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர்தான்.

தந்தியைப் பற்றியும் சீவகன் நமக்கு ஆசான். பழைய நூல்கள் நரம்பின் குற்றம் என்று கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கினைச் சொல்லும். இன்று நரம்பு போய் எஃகு வந்துவிட்டது; முறுக்கு மட்டும் மாறவில்லை. தந்தியை மாட்டும்போது திருகிக்கொண்டால் சுருதி பொய்க்கும். ஜாஸுக்குத் தட்டைக் கம்பி சுற்றிய தந்தியே ஏற்றது என்பது என் அன்பரின் கருத்து. விரல் உரசும் ஓசை எழாது. பெரும் பிடிலின் கனிவும் ஓரளவு கிட்டும்.

தந்திகள் நான்கும் ஒன்றுக்கொன்று நான்காம் சுரத்தில் நிற்கின்றன. சிலப்பதிகார உரை வழியே இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவைக் கூறுவோம் அல்லவா? அவற்றுள் நான்காம் நரம்பின் உறவு நட்பு. வீணையில் இவ்வுறவும் கிளையும் மாறிமாறி வரும். பேஸ் கிட்டாரில் எல்லாம் நட்பே. இதைச் சொன்னபோதுதான் இளைஞர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன்.

“இது நமக்கு வேண்டாத சத்தம்” என்று தோட்டத்தில் பெரியவர்கள் அவரைக் கடிந்துகொள்கிறார்களாம். அவர்கள் நாள்தோறும் கேட்கும் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தனியொரு பாட்டாக நடப்பதை அவர்கள் கவனித்ததில்லை. இந்த நாட்டிலேயே 1979இல் லூயிஸ் பிரகாசம் ஏசியாபீட் குழுவைத் தொடங்கி ஜாஸையும் ஆசியத் தாளங்களையும் ஒரே மேடையில் இணைத்தார்.

இறுதியில் கிள்ளானில் ஒருவர் வீட்டில் பழைய ஜாஸ் பேஸ் வகைக் கருவி விலைக்கு வந்தது. சாயம் பல இடத்தில் உதிர்ந்திருந்தது. தண்டி நேர், கோலில் இடம் இருந்தது, பல ஆண்டு இந்நாட்டின் ஈரத்தில் கிடந்தும் திருகவில்லை என்பதே நான் கண்ட பெரிய நற்சான்று. மேல் தந்தியின் ஆறாம் மெட்டில் மட்டும் ஒலி சற்று விரைவாக அவிந்தது. வீணை அன்பர் தலைப்பக்கத்தை விரலால் இறுகப் பற்றிக்கொண்டு மீட்டச் சொன்னார். அவிந்த இடம் சற்று நகர்ந்தது. “இதோடு வாழலாம்” என்றார். புதுக் கருவிக்கென இளைஞர் வைத்திருந்த தொகையில் மீதி இருந்ததைக் கொண்டு சிறியதொரு ஒலிபெருக்கியும் தட்டைத் தந்திகளும் வாங்கினார்.

இக்கருவிக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்று இளைஞரிடம் கேட்டேன். ‘மந்தரக் கிட்டார்’ என்று நானே ஒன்றைச் சொல்லியும் பார்த்தேன். அவர் ‘பேஸ்’ என்றே சொல்லுகிறார். அவருடைய பாட்டியம்மாள் அதனைத் தம்பூரா என்கிறாராம்.