முறுக்கிணை வடத்தில் நிகழ்படச் செலுத்துகை

முறுக்கிணை வடத்தில் நிகழ்படச் செலுத்துகை என்பது நிகழ்படச் சமிக்ஞையையும் அதற்குரிய ஒத்திசைவுத் துடிப்புகளையும், ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட செப்புக் கம்பி இணைகளின் வழியே வேறுபாட்டு இயக்கிகளின் துணையுடன் அனுப்பும் முறையாகும். கண்காணிப்பு ஒளிப்படக்கருவிகளையும் கணினித் திரைகளையும் தொலைவில் நிறுவுவதற்கு இம்முறை பயன்படுகிறது. முறுக்கிணைக் கம்பிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்றார். தொலைபேசிக்கென உருவான அக்கம்பியே பின்னர் கணினி வலையமைப்புகளிலும் நிகழ்படத்திலும் இடம்பெற்றது.

தேவை

நிகழ்படத்தை அனுப்ப வழக்கமாகப் பயன்படுவது 75 ஓம் மின்மறுப்புடைய ஓரச்சு வடமாகும். இதன் வெளியுறை இரு முனைகளிலும் நில இணைப்புடன் சேர்கிறது. இரு முனைகளின் நில மின்னழுத்தங்கள் வேறுபட்டால் உறையில் மின்னோட்டம் பாயும். திரையில் மெல்ல நகரும் கிடைப்பட்டைகள் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரி நகரின் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்தின் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரி நடைபெறுகிறது. கரையிலுள்ள ஒளிப்படக்கருவி மின்னாக்கியிலும், தெருவிலுள்ள திரை வீட்டு மின்சாரத்திலும் இயங்குவதாகக் கொள்வோம். இவ்வாறான இணைப்பில் மேற்கூறிய இடையூறு எளிதில் ஏற்படும்.

செயற்படும் விதம்

வேறுபாட்டு இயக்கி, ஒரு சமிக்ஞையை அளவில் சமமும் குறியில் எதிருமான இரண்டாகப் பிரித்து இரு கம்பிகளில் செலுத்துகிறது. 0.7 வோல்ட் சமிக்ஞை +0.35, -0.35 வோல்ட்டாகச் செல்கிறது. வழியில் 0.2 வோல்ட் இரைச்சல் சேர்ந்தால் அவை +0.55, -0.15 ஆகும். பெறுவி இவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுப்பதால் மீண்டும் 0.7 வோல்ட்டே கிடைக்கிறது. இரு கம்பிகளிலும் இரைச்சல் சம அளவில் சேர்வதற்கே அவை முறுக்கப்படுகின்றன. ஓர் இணையின் ஒரு கம்பியையும் வேறோர் இணையின் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இப்பயன் கிட்டாது. வடத்தின் மின்மறுப்பு ஏறத்தாழ 100 ஓம் ஆதலால் முடிவில் அதே அளவு மின்தடை இணைக்கப்படும். இல்லையெனில் எதிரொலிப்பால் நிழலுருக்கள் தோன்றும்.

ஒத்திசைவுத் துடிப்புகள்

இந்தியத் தொலைக்காட்சியின் 625 வரி முறையில் ஒரு வரியின் காலம் 64 மைக்ரோ வினாடி. அதில் 4.7 மைக்ரோ வினாடி நீளும் ஒத்திசைவுத் துடிப்பு, படத்துடன் ஒரே சமிக்ஞையில் கலந்திருப்பதால் ஓர் இணையே போதுமானது.

1987 இல் அறிமுகமான விஜிஏ முறையில் சிவப்பு, பச்சை, நீலம், கிடை ஒத்திசைவு, செங்குத்து ஒத்திசைவு என ஐந்து சமிக்ஞைகள் உண்டு. கேட்-5 வடத்திலோ நான்கு இணைகளே உள்ளன. எனவே மூன்று நிறங்களும் மூன்று இணைகளில் வேறுபாட்டு மின்னழுத்தமாகச் செல்ல, ஒத்திசைவுகள் அவ்விணைகளின் பொது மின்னழுத்தத்தில் ஏற்றப்படுகின்றன. கிடை ஒத்திசைவை கி எனவும் செங்குத்து ஒத்திசைவை செ எனவும் கொண்டால், ஒரு முறையில் அவற்றின் பங்கீடு பின்வருமாறு:

சிவப்பு: செ - கி
பச்சை: -2 செ
நீலம்: செ + கி

இவற்றின் கூட்டுத்தொகை சுழியம் ஆதலால் வடத்திலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சு குறைகிறது. நீலத்திலிருந்து சிவப்பைக் கழித்தால் கிடை ஒத்திசைவு மீளக் கிடைக்கும். நான்காவது இணை ஒலி அல்லது கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்கு எஞ்சுகிறது.

குறைபாடுகள்

* உயர் அதிர்வெண்கள் கூடுதலாக நலிவுறுகின்றன. 100 மீட்டர் கேட்-5இ வடத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபெல்லும், 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 22 டெசிபெல்லும் இழப்பு ஏற்படும். இதனைச் சமன்செய்யாவிடில் எழுத்துகள் மங்கும்.
* ஒவ்வோர் இணையும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருப்பதால் நிறங்கள் வெவ்வேறு நேரத்தில் வந்தடைகின்றன. 100 மீட்டரில் 45 நானோ வினாடி வரை வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. 1024×768 திரையில் ஒரு படவணு ஏறத்தாழ 15 நானோ வினாடி நீடிப்பதால், நிறங்கள் மூன்று படவணு வரை விலகக்கூடும்.
* பெறுவி தாங்கும் பொது மின்னழுத்தத்திற்கு வரம்புண்டு. நில மின்னழுத்த வேறுபாடு அதனை மீறினால் கருவி பழுதடையலாம். அங்கு மின்மாற்றித் தனிமைப்படுத்தலோ ஒளியிழையோ தேவை.

இன்றைய நிலை

விஜிஏ இணைப்பின் இடத்தை எச்டிஎம்ஐ போன்ற எண்முறை இணைப்புகள் பெருமளவில் பிடித்துவிட்டன. எனினும் எச்டிஎம்ஐ வடத்திலும் நிகழ்படத் தரவு வேறுபாட்டுச் சமிக்ஞையாகவே செல்கிறது; ஈதர்நெட் வழி இயங்கும் கண்காணிப்புக் கருவிகளும் முறுக்கிணையையே பயன்படுத்துகின்றன.