மாமி வீட்டு மருமகன்

படங்களில் சண்டை மாமிக்கும் மருமகளுக்கும்தான். மட்டக்களப்பில் கதை வேற. இங்க கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகளின் சீதனம். பெற்றோர் பிறகு ஒதுங்கிப் போவார்கள். அதுவரை எல்லோரும் ஒரே கூரையின்கீழ். அதனாலதான் மாமி மருமகனோடு நேரே பேசுவது குறைவு. கேட்டா, மரியாதை என்பார்கள். எனக்கென்னவோ அது உரசலுக்குப் போட்ட வேலி மாதிரித்தான் தெரியுது.

முக்குவர் சட்டப்படி தாய்மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876இன் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை நிறுத்தியது. மகளுக்கு வீடு கொடுக்கிற வழக்கமோ நிற்கவில்லை.

2004 சுனாமி வாவிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஊர்களை அடிச்சுப் போனது. பிறகு கொடுத்த வீடுகளில் பலவற்றின் உறுதி, 'குடும்பத் தலைவர்' என்று கணவன் பேரில் எழுதப்பட்டது. மாமியின் சீதன வீடு கடலோடு போச்சு. புது வீட்டுக்குச் சொந்தக்காரர் மருமகன்.