நோனோ சொன்ன மேளமும் ரோஹன் டி சேரமின் செலோவும்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கோடைக்கால இசை வகுப்புகளின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு நிகழ்வுகளைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். 1958இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் அங்கே வந்தார். மறு ஆண்டு இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோ அவரை மறுத்துப் பேசினார். வரலாறும் இன்றைய இசையும் பற்றிய அந்த 1959 உரையை எழுதியதில் நோனோவின் மாணவர் ஹெல்முட் லாகென்மானுக்கும் பங்குண்டு. உரை கேஜுக்கு எதிரானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதில் வரும் ஓர் உவமை என்னை விடுவதில்லை.

வேற்றுப் பண்பாட்டின் துணுக்கொன்றை அதன் சூழலிலிருந்து பெயர்த்து எடுத்து ஒட்டவைப்பது காலனியச் சிந்தனை என்கிறார் நோனோ. ஒரு சடங்கு மேளம் குடையப்பட்டு ஐரோப்பிய வீட்டில் குப்பைத்தொட்டியாகக் கிடப்பதற்கும், மேற்கத்திய இசை கீழைநாட்டுச் சாயலைப் பூசிக்கொள்வதற்கும் வேறுபாடு இல்லை என்பது அவர் வாதம். முன்திட்டம் இல்லாத வாசிப்பையும் அவர் விடவில்லை. உள்ளுணர்வின் ஆணைக்குப் பணிவதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு, தீர்மானிக்கும் பொறுப்பிலிருந்து இசைஞன் நழுவுகிறான் என்றார். அக்காலத்துக் கீழைமோகத்தை நோக்கிய குற்றச்சாட்டாக இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இந்தப் பார்வையில் ஓர் ஆள் விடுபட்டுப்போகிறார். எடுப்பவர் ஐரோப்பியர், எடுக்கப்படுவது மேளம், அதை அடிக்கத் தெரிந்தவர் எங்கே?

அந்த இடத்தில் ரோஹன் டி சேரமை நிறுத்திப் பார்க்க வேண்டும். 1939இல் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். தாய் மிரியம், கண்டி நடனத்தை மேடையேற்றிய முதல் மேல்தட்டுப் பெண்களில் ஒருவர். மகன் காஸ்பர் கசாடோவிடமும் பின்னர் பாப்லோ கசால்ஸிடமும் செலோ பயின்றார். கண்டி மேளமும் கற்றார். அர்டிட்டி தந்தி நால்வர் குழுவில் அவர் சேர்ந்த ஆண்டு 1977 என்றும் 1979 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. எதுவானாலும் என் வாதத்துக்கு இடையூறில்லை. 1982 முதல் 1996 வரை டார்ம்ஸ்டாட்டில் தந்தி வாத்தியங்களைக் கற்பித்தது அர்டிட்டி குழுதான். 1960களில் ஸீக்ஃப்ரீட் பாம் அங்கே தொடங்கிவைத்த நவீன செலோப் பாடம் இவர் கைக்கு வந்தது இப்படித்தான்.

அதே ஆண்டுகளில் இவர், முன்திட்டமின்றி வாசிக்கும் லண்டனின் ஏஎம்எம் குழுவிலும் வாசித்தார். 1987இல் அக்குழு பதிவுசெய்த இசைத்தட்டில் கீத் ரோ, எடி பிரேவோ, ஜான் டில்பரி ஆகியோருடன் இவருடைய செலோவும் உண்டு. இதை நம் மனோதர்மத்தோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. கச்சேரியில் கற்பனை சுரம் பாடுபவருக்கு ராகம் வேலி, தாளம் தரை. ஏஎம்எம்மில் அந்த இரண்டும் கிடையாது. அடுத்தவர் எழுப்பும் ஒலியைக் கேட்பது மட்டுமே ஒழுங்கு. ஒரே கை கோடையில் இசையமைப்பாளர் ஃபெர்னிஹோவின் நெருக்கடியான குறியீடுகளை மாணவருக்குப் பிரித்துக் காட்டியது, மற்ற மாதங்களில் எழுதாத இசையை வாசித்தது. பொறுப்பிலிருந்து நழுவிய கை என்று இதை எப்படிச் சொல்வது?

என் வாதம் முழுவதும் ஒரு படைப்பின் மேல் நிற்கிறது. இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோ ரோஹனுக்காக எழுதிய 'செக்வென்சா 14' 2002 ஏப்ரலில் விட்டன் நகரில் முதலில் ஒலித்தது. பெரியோ அதைப் பின்னர் திருத்தினார். 2003 மே மாதம் காலமானார். ரோஹன் வாசித்துக் காட்டிய கண்டி மேளத் தாளங்களே அதன் விதை. தொடக்கத்தில் வில்லுக்கு வேலையில்லை. வலக்கை செலோவின் உடலைத் தட்டுகிறது. இடக்கை விரல்கள் தந்திகளின்மேல் அடிக்கின்றன. இங்கே பலரும் தாளத்தைத்தான் தேடுகிறார்கள். நான் கைகளைப் பார்க்கச் சொல்கிறேன். கண்டி மேளத்துக்கு இரு முகம். இரண்டிலும் வேறு வேறு தோல், வேறு வேறு குரல். நம் மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி போல. செலோவில் அந்த இரு முகங்களும் மரம் ஒன்று, தந்தி ஒன்று என மேலும் கீழுமாகத் திரும்பி நிற்கின்றன. பெயர்ந்து வந்தது தாளத்துணுக்கு அல்ல, இரு கைகளுக்கிடையேயான உறவு. பெரியோ இப்படி எண்ணித்தான் எழுதினார் என்று சாதிக்க என்னிடம் எழுத்துச் சான்று இல்லை. இசைப் பக்கமும் வாசிப்பவர் உடலும்தான் என் சான்று. ஸ்டெஃபனோ ஸ்கோடனிபியோ 2004இல் டபுள் பாஸுக்காக ஆக்கிய மாற்றுவடிவம் இதற்கு ஓர் உரைகல். நின்று வாசிக்கும் அந்தப் பெரிய வாத்தியத்தில் கைகளுக்கிடையேயான தொலைவு மாறுகிறது; தாளம் இருந்தும் மேளத்தின் உடல் சற்று விலகிவிடுகிறது.

நோனோவுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கண்டி மேளம் கொஹொம்ப கங்காரிய சடங்குக்குரியது. அதை வழிவழியாக அடித்தவர்கள் பெரவா சாதியார். மேளத்தின் பெயரே சாதியின் பெயராகி, அந்தச் சாதி ஒதுக்கிவைக்கப்பட்ட கதை பறையை அறிந்த தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. மிரியமின் மேடைக்கு வந்தபோதே அது ஒருமுறை இடம்பெயர்ந்துவிட்டது, கொழும்பின் மேல்தட்டு வழியாக. நோனோவின் கேள்வியை ஐரோப்பாவிடம் மட்டும் கேட்டால் போதாது. ரோஹனின் செலோ அதற்கு முழு விடை தருகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கையில் மேளம் குப்பைத்தொட்டியாக இல்லை. குருவிடம் கற்ற வித்தையாக இருந்தது.

நோனோவும் 1959இலேயே நின்றுவிடவில்லை. 1980இல் முடித்த தந்தி நால்வர் இசையில் கவிஞர் ஹோல்டர்லினின் வரித்துணுக்குகளைப் பக்கமெங்கும் தூவினார். அவை சபைக்குப் படிப்பதற்கல்ல, வாசிப்பவர்கள் தம்முள்ளே பாடிக்கொள்வதற்கு. நீளும் மௌனங்களின் அளவை வாசிப்பவரே உணர்ந்து முடிவு செய்யவேண்டிய இடங்கள் அதில் உண்டு. அர்டிட்டி குழு அதை ஒலிப்பதிவு செய்தபோது, அந்த மௌனங்களில் காத்திருந்த செலோ ரோஹனுடையது.